கொட்டா வீட்டுக் கொம்பு

கள்ளக்குறிச்சியில் பிழையில்லாத ஃப்ளெக்ஸ் வேண்டுமென்றால் அன்புச்செல்வனிடம்தான் போக வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில் இருக்கும் அவருடைய கடையின் வாசலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது: 'இங்கு ஒற்றுப்பிழையின்றி அச்சிடப்படும்.' அது வெறும் விளம்பரமன்று, கொள்கை. பிணம் வீட்டு வாசலில் காத்திருக்க, இரங்கல் பதாகை வாங்க வந்த மூத்த மகனை நிற்கவைத்து, எந்த இடத்தில் வல்லினம் மிகும், எந்த இடத்தில் மிகாது என்று விளக்கியவர் அவர். மகன் அழுதது தகப்பனுக்காகவா இலக்கணத்துக்காகவா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எழுத்தில் இவ்வளவு கறாரானவர் பொருளில் அப்படி இல்லை. வாழ்நாளில் எவருக்கும் ஒரு டீ வாங்கித் தராதவரை 'கொடை வள்ளல்' என்று எட்டடி அகலத்தில் அச்சிட்டுத் தருவார். நாய் குரைத்தால் வீட்டுக்குள் ஓடுகிறவர் அவர் கடையில் ஏறி இறங்கினால் 'அஞ்சா நெஞ்சன்' ஆகிவிடுவார். பட்டங்களுக்கு அவர் தனியாக எதுவும் வாங்குவதில்லை, அடிதான் கணக்கு. அப்படி ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவர் தமக்கென்று வைத்துக்கொண்டது ஒரே ஒரு பட்டம். கடைப் பலகையிலும், விசிட்டிங் கார்டிலும், மோட்டார் சைக்கிளின் முன் முகப்பிலும் அது இருந்தது: 'கோட்டை வீட்டு' அன்புச்செல்வன்.

அந்தப் பட்டம் அவருக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அவருடைய தகப்பனார் சடையன் தியாகதுருகத்தில் பண்ணை வேலையை விட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கு மூட்டை தூக்க வந்தவர். மகனைப் பள்ளியில் சேர்த்த அன்று, தென்மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆசிரியர், எந்த வீட்டுப் பிள்ளை என்று பையனைக் கேட்டார். பையன், வீட்டில் சொல்லக் கேட்டபடி, கொட்டா வூடு என்றான். ஆசிரியர் முகம் சுளித்தார். சொந்த ஊர் எது என்று கேட்டார். தியாகதுருகம் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அங்கே மலைமேல் கோட்டை இருப்பது அவருக்குத் தெரியும். மலையின் கீழே என்னென்ன இருந்தன என்பது தெரியாது. கொச்சையாகப் பேசக்கூடாது, கோட்டை வீடு என்று திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று கற்பித்து, பையனை முன்வரிசையில் உட்காரவைத்தார்.

இந்த வட்டாரத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூரார்க்காகச் சொல்கிறேன்: கொட்டா என்றால் கொட்டகை. திருத்தம் என்பது எவ்வளவு மரியாதைக்குரிய பொருள் என்று பையன் அன்று அறிந்துகொண்டான். அதன்பின் அவன் தன்னைத் தவிர எல்லாரையும் திருத்தத் தொடங்கினான்.

சுவரில் எழுத்து எழுதுகிறவராகத்தான் அன்புச்செல்வன் தொழிலுக்கு வந்தார். அச்சு இயந்திரம் ஊருக்குள் நுழைந்ததும் தூரிகைகளைக் குப்பையில் போட்ட முதல் ஆளும் அவரே. அதற்காக ஒரு பொழுதும் வருந்தியதில்லை. அவர் வருந்தியதெல்லாம் ஓர் அசைக்காக. யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் இங்கே அடுத்த வாக்கியத்தின் வால் முடிவாகும். பதில் சரியாக இருந்தால் 'உக்காருங்க'; இல்லாவிட்டால் 'உக்காரு'; இன்னும் இல்லாவிட்டால் உட்காரவே வேண்டியதில்லை. மூட்டை தூக்கும் சடையனின் மகன் என்று சொன்ன இடங்களில் அவருக்குக் கிடைக்காத அந்த 'ங்க', கோட்டை வீடு என்று சொன்ன இடங்களில் கேட்காமலே வந்து ஒட்டிக்கொண்டது. கலையரசியைப் பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டார் கோட்டை வீட்டார் என்றதும், மாமனார் மேற்கொண்டு எதையும் கேட்காமல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ஊருக்கு ஓர் அருங்காட்சியகம் வந்து சேர்ந்தது.

மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றின் கிடங்கில், கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இளஞ்செழியன் அதை நிறுவினார். கோமுகி வட்டார வரலாற்றுக் காட்சியகம் என்று பெயர். அங்கே ஒரு பீரங்கிக் குண்டு இருக்கிறது. அதை ஆலையின் பழைய தொழிலாளர்கள் தராசுப் படிக்கல் என்கிறார்கள். வெள்ளிமலைச் சந்தையில் அண்மையில் வாங்கிய முறம் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 'கல்வராயன் மலைமக்கள் புழங்கிய தொன்மைக் கருவி' என்பது அதன் குறிப்பு. மலையிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய முறம் எப்படி இங்கே வந்தது என்று வாயிற்காவலரிடம் நெடுநேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கிடங்கில் உருப்படியான பகுதி ஒன்று உண்டென்றால் அது குடும்ப வரலாற்றுப் பிரிவுதான். பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டார். பங்குக் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவுகளின் நகல்கள், கல்லறைக் கல்வெட்டுகளின் படங்கள், பழைய பட்டாக்கள், வாக்காளர் பட்டியல்கள் என்று ஓர் அலமாரி நிறைய அடுக்கியிருந்தார். நிலம் வைத்திருந்தவனுக்குப் பட்டா சாட்சி. ஞானஸ்நானம் பெற்றவனுக்குப் பங்குச் சாமியாரின் கையெழுத்து சாட்சி. நிலமும் இல்லாமல் ஞானஸ்நானமும் இல்லாமல் போனவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. அவர்களுக்காக ரெஜினா ஒரு விதி செய்தார்: குடும்பத்தின் மூத்தவர் ஒருவர் நேரில் வந்து வீட்டுப் பெயரையும் அது வந்த வகையையும் தம் வாயால் சொல்ல வேண்டும். குரல் பதிவாகும். சுவரில் குடும்பத்துக்கொரு பலகை. பலகைக்குக் கீழே ஒரு பட்டன். அழுத்தினால் மூத்தவர் பேசுவார். இதற்குக் 'குடிமரபுச் சுவர்' என்று இளஞ்செழியன் பெயர் சூட்ட, ஊரார் நடு எழுத்துகளைத் தின்றுவிட்டுக் குட்டிச்சுவர் என்றனர்.

சுவரில் இடம்பிடிக்கக் கூட்டம் நெரிந்தது. வந்தவர் யாவரும் தளபதி வம்சம். பதிவானவற்றை அப்படியே நம்பினால் இந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் தளபதிகள் மட்டுமே வாழ்ந்தனர். சிப்பாய் ஒருவனும் இல்லை. அத்தனை தளபதிகளுக்கும் சோறு பொங்கியவர், நாற்று நட்டவர், குதிரைக்குப் புல் அறுத்தவர் எவரும் சந்ததி இல்லாமலே மாண்டுபோயினர். உரக்கடை பிச்சைமுத்து தம் 'களத்து வீட்டார்' என்ற பெயருக்குச் சிற்றப்பாவை அழைத்துவந்து பேசவைத்து, 'போர்க்களம் கண்ட குடி' என்று பலகைக்கு வாசகமும் கொடுத்துவிட்டார். அன்புச்செல்வனை அவர் எப்போதும் "ன்னாப்பா ஃப்ளெக்ஸு" என்றுதான் கூப்பிடுவார். கோட்டைக்கு மயங்காத ஒரே ஆள்.

சுவருக்கான பலகைகள் அனைத்தையும் செய்யும் வேலை அன்புச்செல்வனுக்கு வந்தது. பிழையில்லாத ஆள் வேறு யார்? கோட்டை வீட்டாரின் பலகை அந்தச் சுவரின் நடுவில் ஏறிவிட்டால், பிச்சைமுத்துவின் வாயிலிருந்தும் ஒரு 'ங்க' உதிராமலா போகும்? ஏறாவிட்டால், இத்தனை ஆண்டுகளாக ஊரெங்கும் அடித்து ஒட்டிய பட்டத்துக்கு என்ன பதில் சொல்வது? இந்த நினைப்பில் அவருக்கு ஒற்றுகளே தடுமாறின.

அவருடைய குடும்பத்தில் மிஞ்சியிருந்த மூத்தவர் சடையனின் தங்கை ரங்கம்மாள். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் மகனோடு இருந்தார். அன்புச்செல்வன் வாடகைக் கார் வைத்து அத்தையை அழைத்து வந்தார். வழிநெடுக, சொல்ல வேண்டியதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். கிழவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காரில் ஏசி இருந்ததால் ஆட்டினாரே தவிர, காதில் வாங்கினார் என்று சொல்வதற்கில்லை.

ரெஜினா ஒலிவாங்கியை நகர்த்தி வைத்துவிட்டு, "ஒங்க வூட்டுக்கு இன்னா பேருங்க ஆயா?" என்று கேட்டார்.

"கொட்டா வூடு."

அன்புச்செல்வன் இருமினார். "கோட்டைன்னு வெளக்கமா சொல்லு அத்தெ. மலைமேல இருக்குதே, அது."

"அதுமேல எவன்டா ஏறுனான்? அங்க பாம்புதான் இருக்குது. நான் சொல்றது கீழ இருந்த கொட்டா. மாட்டுக் கொட்டா. அதுலதான ஒங்கப்பன் பொறந்தான்."

ரெஜினா திரும்பி அன்புச்செல்வனைப் பார்த்தார். ரங்கம்மாளுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை. தன் குடும்பத்தைக் குறைவாக நினைத்துவிட்டார்களோ என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"சும்மா கொட்டான்னு நெனச்சிக்காதம்மா. பூராவும் பொதி மாடு. கல்ராயன் மலைக்கு ஏறிப் போயி புளியும் கடுக்காயும் ஏத்திக்கினு வரும். தியாகதுருகத்துல அம்மாம் பெரிய கொட்டா இன்னொன்னு கெடையாது. மழ வந்தா பண்ணையாரு வூடு ஒழுவும், எங்க கொட்டா ஒழுவாது. மாடு நனஞ்சா அந்தாளுக்குத் தூக்கம் வராது, நாங்களும் நனையாம கெடந்தோம். பக்கத்துல களத்து வூட்டுக்காரனுங்க இருந்தானுங்க. நெல்லடிக்கிற களத்துல ஓலையக் கட்டிக்கினு, மழ வந்தா வைக்கப்போருக்கு அடியில நொழஞ்சிப்பானுங்க. அவனுங்க வூட்ல நாங்க பொண்ணு எடுக்கமாட்டோம், குடுக்கவும் மாட்டோம்."

மாட்டுத் தொழுவத்திலும் ஒரு மாளிகை அந்தஸ்து இருந்தது என்பதை அன்புச்செல்வன் அன்றுதான் அறிந்தார். ஆனால் அது அவர் தேடிவந்த அந்தஸ்தன்று.

அத்தையைக் காரில் உட்காரவைத்துவிட்டு ரெஜினாவிடம் திரும்பி வந்தார். வயதானவர், பல் போனவர், கோட்டை என்றுதான் சொல்ல வந்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை என்று வாதாடினார். மாடு, பொதி, வைக்கோல்போர் எல்லாமும் பல் போனதால் வந்தவைதாமா என்று ரெஜினா கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவரிடம் கருணை இருந்தது.

"ஆயா இன்னா சொன்னாங்களோ அதாண்ணே செவுத்துல வரும். படிச்சா ஒன்னு, பட்டன அழுத்துனா ஒன்னுன்னு இருந்தா நாளைக்கி எவன் இங்க வந்து நம்புவான்?"

அன்புச்செல்வன் பேராசிரியரிடம் முறையிட்டார். இளஞ்செழியன் ஆநிரை வளர்ப்பின் பெருமையைப் பற்றி ஒரு பாடவேளை அளவுக்குப் பேசி, உண்மைக்கு அஞ்சலாகாது என்று முடித்தார். அவருடைய குடும்பப் பலகையில் 'அரசவைப் புலவர் மரபு' என்று இருந்தது. அதற்குச் சாட்சி சொன்ன மூத்தவர், பேராசிரியருக்கு இளையவரான அவருடைய தம்பி.

வீட்டில் கலையரசி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கீரையை ஆய்ந்தபடியே சொன்னார்: "கோட்ட வூட்டுக்குக் குடுக்கறோம்னுதான் எங்கப்பா குடுத்தாரு. இனிமே சீர் வரிசையில ஒரு மூக்கணாங்கயிறும் சேத்துக்க சொல்லட்டுமா?"

மறுநாள் பிற்பகல், அன்புச்செல்வன் கடையில் தனியாக உட்கார்ந்து பலகைகளுக்கு எழுத்து அமைத்தார். ரெஜினா கையொப்பமிட்டுத் தந்த வாசகம் பக்கத்தில் இருந்தது. திரையில் 'கொட்டா வீட்டார்' என்று நின்றது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் எழுத்தின் முன்னால் ஒற்றைக் கொம்பு. அதன் தலையில் ஒரு சுழி ஏறினால் இரட்டைக் கொம்பு. ஒரே ஒரு சுழி. மாட்டுக்கும் மலைக்கும் இடையில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

அவர் மனச்சாட்சி உள்ளவர். 'கோட்டை' என்று முழுவதுமாக மாற்றினால் அது பொய். சுழியை மட்டும் ஏற்றிவிட்டு, 'டா'வை அப்படியே விட்டுவிட்டால்? படிக்கிறவர்கள் பேச்சுவழக்கு என்று எண்ணித் தாமாகவே கோட்டை என்று திருத்திக்கொள்வார்கள்; ரெஜினா கேட்டால் கை தவறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிப் பொய் பொய்யாகாது என்று தீர்மானித்தார். பிழையில்லாத அச்சகத்தில் முதற்பிழை அவ்வாறு, நன்கு ஆலோசித்து, அளவெடுத்து, கறுப்பு ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டப்பட்டது. திறப்பு விழாவன்று காலையில், ரெஜினா விருந்தினர்க்கு இருக்கை போடும் வேலையில் இருந்தபோது, பலகையைத் தம் கையாலேயே சுவரின் நடுவில் மாட்டினார்.

விழாவுக்கு நல்ல கூட்டம். எல்லாத் தளபதிகளின் வாரிசுகளும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தனர். ரங்கம்மாளுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் அண்மையில் மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஒருவர். ஒலிபெருக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, வீட்டுப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்து வந்தார். கல் வீட்டார். கிணற்று வீட்டார். களத்து வீட்டார், போர்க்களம் கண்ட குடி. பிச்சைமுத்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அடுத்த பலகையின் முன் அதிகாரி நின்றார்.

"கோட்டா வீட்டார்."

அன்புச்செல்வன், மக்கள் அதைத் திருத்திக்கொள்ளக் காத்திருந்தார்.

அதிகாரி தலையைச் சாய்த்து மறுபடியும் படித்துவிட்டு, கள்ளமில்லாமல் கேட்டார். "எந்தக் கோட்டாங்க இது? ஸ்போர்ட்ஸ் கோட்டாவா?"

கிடங்கின் தகரக் கூரை அதிரும்படி சிரிப்பு எழுந்தது. ஒரு சுழியை ஏற்றிப் பாதியில் விட்டால் கோட்டை வராது, இட ஒதுக்கீடுதான் வரும் என்பது ஊரில் எல்லார்க்கும் தெரிந்திருந்தது, இலக்கணம் தெரிந்த ஒருவரைத் தவிர. சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கோட்டாவில் வேலை வாங்கியவர்கள். மீதிப் பேர் தம் பிள்ளைகளுக்காகச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா ஆபீஸில் நிற்பவர்கள். தளபதிகளாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்ததால் அதை அப்போதைக்கு மறந்திருந்தார்கள். எல்லார்க்கும் மேலாகச் சிரித்தவர் பிச்சைமுத்து.

"ன்னாப்பா ஃப்ளெக்ஸு, ஒற்றுப்பிழ இல்லாமதான் அடிச்சிக்கிறே. பெரும்பிழையா இல்ல இருக்குது?"

இளஞ்செழியன் எழுந்து, இப்பிழைக்கு யார் பொறுப்பு என்று தூய தமிழில் வினவினார். ரெஜினா பலகையையும் அன்புச்செல்வனையும் மாறிமாறிப் பார்த்தார். ஐயம் தீர வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் அதிகாரி பலகையின் கீழிருந்த பட்டனை அழுத்தினார்.

ரங்கம்மாளின் குரல் கிடங்கு முழுவதும் கேட்டது. கொட்டா வூடு. மாட்டுக் கொட்டா. பொதி மாடும் புளியும் கடுக்காயும் கேட்டன. ஒழுகாத கூரை கேட்டது. முன்வரிசையில் ரங்கம்மாள் தன் குரலைத் தானே கேட்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். களத்து வீட்டாரும் அவர்களுடைய வைக்கோல்போரும் வந்த இடத்தில் பிச்சைமுத்துவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

குரல் ஓய்ந்த பிறகு கூட்டம் அன்புச்செல்வனைப் பார்த்தது. கோட்டை போய்விட்டது, அதை இனி யாராலும் கட்ட முடியாது. கையில் மிச்சமிருந்தது பிழையில்லாதவர் என்ற பெயர் ஒன்றுதான். அதுவும் சுவரின் நடுவில், கறுப்பு எழுத்தில், பிழையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கை தவறிவிட்டது என்று சொல்ல வாய் எடுத்தார். அத்தை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புச்செல்வன், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அங்கிருந்த ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு ஏறினார். சட்டைப் பையில் தொழிலுக்காக எப்போதும் வைத்திருக்கும் பிளேடை எடுத்தார். இரட்டைக் கொம்பின் தலையில் இருந்த சுழியைச் சுற்றிக் கவனமாகக் கீறி, நகத்தால் நெம்பி, உரித்தெடுத்தார். அருகில் இருந்த எழுத்துகளில் ஒரு பிசிறும் விழவில்லை. 'கொட்டா வீட்டார்' என்று பலகை சரியாக நின்றது. சுழி இருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் லேசாகத் தெரிந்தது.

ஸ்டூல் ஆடியது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். குனிந்து பார்த்தார், பிச்சைமுத்து.

"பாத்து எறங்குங்க," என்றார் பிச்சைமுத்து தணிந்த குரலில். "என் பலகையில ஒன்னும் கீற வேணாங்க. போர்க்களம்னா வைக்கப்போரு இருக்கற களம்னும் அர்த்தம் வருது இல்லீங்க?"

அன்புச்செல்வன் ஒரு கணம் யோசித்தார். இலக்கணப்படி அதில் பிழை இல்லை. தலையசைத்துவிட்டு இறங்கினார். வாழ்நாளெல்லாம் காத்திருந்த 'ங்க' மூன்று முறை வந்து போனதை அவர் பிறகுதான் கவனித்தார்.

எழுதப் படிக்கத் தெரியாத ரங்கம்மாள் அவர் கையிலிருந்த பிளேடைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஏறி நின்னுக்கினு இன்னாடா பண்ணே?"

"கொம்பச் சீவனேன் அத்தெ."

கிழவி சற்று நேரம் கணக்குப் பார்த்தார்.

"பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்குதேடா," என்றார்.